குறைந்த செலவில் ஒரு முகாம் கத்தி: அரம், அடுப்பு, காந்தம்

நான் செய்த முதல் கத்தி பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்று வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து ராவி, தேய்த்து, மரக் கைப்பிடி போட்டு, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தேன். முகாமுக்கு எடுத்துப்போய்க் காய்ந்த குச்சி ஒன்றைச் சீவினேன். பத்துச் சீவலுக்குள் வாய் மழுங்கிவிட்டது. சாணைக்கல்லில் தீட்டினேன், மறுபடியும் மழுங்கியது. கிராதி செய்யும் சாதாரண இரும்புப் பட்டையை எடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த இரும்பை எவ்வளவு காய்ச்சி எந்த எண்ணெயில் முக்கினாலும் கூர் நிற்காது.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பணத்தை எஃகில் போடுங்கள், கவனத்தைச் சூட்டில் வையுங்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம். பெல்ட் கிரைண்டர் வேண்டாம், பட்டறை வேண்டாம், சம்மட்டியால் அடிக்கவும் வேண்டாம். பட்டையிலிருந்து வேண்டாத பகுதியை ராவி எடுத்தே முழுக் கத்தியையும் செய்துவிடலாம். ஒரு நல்ல அரம், ஹேக்ஸா, வைஸ், டிரில், உப்புத்தாள், ஒரு சிறிய காந்தம் இருந்தால் போதும். இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்குக் கை இரண்டு மூன்று மாலைகள் எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த எஃகு?

இரும்போடு கார்பன் சேர்ந்தால் எஃகு. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டுமானத்துக்குப் பயன்படும் மென் இரும்பில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கத்தியின் வாய் கடினமாக வேண்டுமென்றால் குறைந்தது 0.6 சதவீதமாவது வேண்டும். 1075, 1084, 1095 என்று எண்களால் அழைக்கப்படும் கார்பன் எஃகு வகைகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் இந்த அளவைத்தான் சொல்கின்றன. 1084 என்றால் ஏறக்குறைய 0.84 சதவீதம்.

முதல் கத்திக்கு என் தேர்வு 1084. கிடைக்காவிட்டால் 1075. 1095 இன்னும் கடினமாகும் என்று ஆசைப்பட வேண்டாம். அதைச் செஞ்சூட்டிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே கொண்டுவர ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும். வீட்டு எண்ணெயில் அது எல்லா நேரமும் அமையும் என்று சொல்ல முடியாது. 1084 கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கும், சூட்டில் சின்னப் பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகை இப்போதைக்கு மறந்துவிடலாம். அதற்கு 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் பல நிமிடம் அசையாமல் நிறுத்தவும் வேண்டும். கரி அடுப்பில் அது நடக்காது.

பழைய இரும்பு? லாரி ஸ்பிரிங் பட்டை, ரம்ப பிளேடு, பழைய அரம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் அது என்ன எஃகு என்று நமக்குத் தெரியாது. பல ஆண்டு வளைந்து நிமிர்ந்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும். இருபது மணி நேரம் உழைத்த பிறகு அந்த விரிசல் எண்ணெய்க்குள் வாய் திறந்தால் எப்படி இருக்கும்? ஒரு கத்திக்கு வேண்டிய புதிய எஃகு ஒரு முழம்கூட இல்லை. அதில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் பழைய அரம் ஒன்று கையில் இருந்தால் அதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். நல்ல பழைய அரங்களில் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ கார்பன் இருக்கும். சில மலிவான அரங்கள் மேல்தோல் மட்டும் கடினமானவை. அதனால் முதலில் ஒரு துண்டை வெட்டிச் சோதியுங்கள். செக்கச் செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கி, ஆறியதும் துணியில் சுற்றி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி படக்கென்று உடைந்தால் எடுத்துக்கொள்ளலாம். வளைந்தால் வேண்டாம்.

வடிவம், பிறகு ராவல்

முதலில் அட்டையில் வரையுங்கள். வெளிவேலைக்கு அலகு, அதாவது பிடிக்கு முன்னால் உள்ள வெட்டும் பகுதி, 10 சென்டிமீட்டர், மொத்த நீளம் 22 சென்டிமீட்டர் போதும். தடிமன் 3 அல்லது 4 மில்லிமீட்டர். பெரிய கத்தி பார்க்க மிடுக்காக இருக்கும், ஆனால் குச்சி சீவவும் கயிறு அறுக்கவும் சின்னக் கத்திதான் கைக்குள் அடங்கும். அட்டையை வெட்டிப் பத்து நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள். கைப்பிடி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும்.

கைப்பிடிக்குள்ளும் அதே எஃகு முழு அகலத்துக்குப் போகும்படி வடிவமைப்பது தொடக்கத்துக்கு நல்லது. வலுவானது, செய்வதும் எளிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலகும் பிடியும் சேரும் இடத்தில் உட்புற மூலை கூராக இருக்கக் கூடாது. கத்தி விரிசல் விட்டால் பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். வட்ட அரத்தால் அதை வளைவாக்கிவிடுங்கள்.

ஹேக்ஸாவால் வெட்டி அரத்தால் ஓரம் சரிசெய்வதில் சொல்ல அதிகம் இல்லை. வாய்ச்சரிவு எடுப்பதுதான் பொறுமையான வேலை. வாய் வரப்போகும் விளிம்பின் நடுவில் முதலில் ஒரு கோடு வேண்டும். இதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. பட்டையின் தடிமன் எவ்வளவோ அதே விட்டமுள்ள டிரில் பிட் ஒன்றை எடுங்கள். பட்டையையும் பிட்டையும் ஒரே சமதளத்தில் படுக்கவைத்து, பிட்டின் நுனியால் விளிம்பு நெடுகக் கீறுங்கள். கோடு தானாகவே சரியாக நடுவில் விழும். விளிம்புக்கு முன்பே மார்க்கர் மை பூசியிருந்தால் கோடு பளிச்சென்று தெரியும்.

அப்புறம் பட்டையைப் பலகையில் இறுக்கிக் கட்டி ராவுங்கள். அரம் முன்னோக்கிப் போகும்போது மட்டுமே வெட்டும். திரும்பும்போது தூக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பல் சீக்கிரம் தேயும். அரத்தின் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் அடைக்காது. கோணம் ஆடாமல் இருக்க வேண்டுமென்றால், அரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அந்தக் கம்பியைத் தூரத்தில் நிற்கும் ஒரு வளையத்துக்குள் விடுங்கள். வளையத்தின் உயரம்தான் கோணம். பலகை, வளைய ஆணி, கம்பி, இவ்வளவுதான் அந்தக் கருவி. விலையுயர்ந்த கிரைண்டரில் புதியவர் எடுக்கும் சரிவைவிட இதில் எடுக்கும் சரிவு நேர்த்தியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாயை இப்போதே கூராக்கிவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் விட்டுவையுங்கள். மெல்லிய வாய் நெருப்பில் கருகும், எண்ணெயில் நெளியும். கைப்பிடித் துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். கடினமாகிய எஃகில் சாதாரண டிரில் பிட் இறங்காது. துளை போடும்போது பட்டையைக் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள். பிட் சிக்கினால் பட்டை விசிறி மாதிரி சுழலும். சுழலும் கருவியருகே கையுறையும் வேண்டாம், அது விரலோடு சேர்த்து இழுத்துவிடும். கடைசியாக 220 எண் உப்புத்தாளால் அலகு முழுவதையும் தேய்த்து, ஆழமான கீறல்களை எடுத்துவிடுங்கள். ஆழமான கீறல் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கக்கூடிய இடம்.

நெருப்புக்குள் என்ன நடக்கிறது?

இதுவரை கையில் இருப்பது கத்தி வடிவத்தில் ஒரு மென்மையான பட்டை. கத்தியாவது இனிமேல்தான். இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

அறைச் சூட்டில் இரும்பு அணுக்கள் ஒரு வகையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் கார்பனுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. அதனால் கார்பன் தனித் துகள்களாக ஒதுங்கி இருக்கும். சூடு 727 டிகிரியைத் தாண்டும்போது அடுக்கு மாறுகிறது. புதிய அடுக்கில் கார்பன் நுழைய இடமுண்டு, அது இரும்புக்குள் கரைந்து பரவுகிறது. இப்போது மெதுவாக ஆறவிட்டால் பழைய அடுக்கு திரும்பும், கார்பன் நிதானமாக வெளியேறிவிடும், எஃகு மறுபடி மென்மையாகிவிடும். சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடையாது. அடுக்கு மாறப் பார்க்கும், நடுவில் சிக்கிய கார்பன் அதைக் கோணலாக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் ஒருவரும் நகர முடியாததுபோல அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடியாமல் போகின்றன. வழுக்க முடியாத அந்த நிலையைத்தான் கடினம் என்கிறோம். இப்படிக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதற்கு இரும்பு வேலையில் துவைச்சல் என்று பெயர்.

அடுப்பு எளிமையானது. வெட்டவெளியில், மண் தரையில் ஒரு குழி, அதில் மரக்கரி, பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாய், குழாயின் மறுமுனையில் முடி உலர்த்தும் கருவி. துத்தநாகம் பூசிய குழாய் வேண்டவே வேண்டாம், சூட்டில் அதன் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும். காங்கிரீட் தரையிலும் நெருப்பு மூட்டாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்தளத்தை வெடித்துத் தெறிக்கவைக்கும். வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ கரி எரிப்பது உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

எண்ணெய் தயாராக இருக்கட்டும். அலகு முழுவதும் மூழ்கும் உலோகப் பாத்திரத்தில் சுமார் 4 லிட்டர் தாவர எண்ணெய், அதை 50 அல்லது 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடான எண்ணெய் இளகி ஓடும், அலகை ஒட்டிய ஆவியை விலக்கி வேகமாகக் குளிர்விக்கும். குளிர்ந்த எண்ணெய்தான் நல்லது என்று நினைப்பவர்கள் பலர், உண்மை நேர்மாறானது. பாத்திரத்தை மூட ஒரு உலோகத் தகடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தகட்டால் மூடுங்கள், தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

முதலில் மூன்று முறை, அலகைச் சிவக்கக் காய்ச்சி வெறும் காற்றில் கறுக்க ஆறவிடுங்கள். இது எஃகின் உள்மணிகளைச் சிறிதாக்கும். மணி சிறிதானால் கத்தி உடையாமல் தாங்கும். அதிகச் சூட்டில் நெடுநேரம் கிடந்த எஃகை உடைத்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மினுங்கும், நன்றாகக் காய்ச்சியது சாம்பல் நிறப் பட்டு மாதிரி இருக்கும். ஒரு சோதனைத் துண்டை உடைத்து இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டீர்கள்.

அடுத்தது காந்தம். 770 டிகிரிக்கு மேல் இரும்பைக் காந்தம் ஈர்க்காது. அலகைப் புரட்டிப் புரட்டிக் காய்ச்சி, அவ்வப்போது நீண்ட கம்பியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும், 1084-க்கு 815 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. அதை எப்படி அறிவது? சாதாரண உப்பு 801 டிகிரியில் உருகும். அலகின்மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். அது நீராகப் பளபளத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நிழலான இடத்தில் செய்யுங்கள், வெயிலில் சிவப்பின் சாயல் கண்ணை ஏமாற்றும். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: சூடேறும் அலகில் ஒரு கரிய நிழல் மெல்ல நகர்ந்து மறையும். உள்ளே அடுக்கு மாறும்போது எஃகு வெப்பத்தை விழுங்குகிறது, அதைத்தான் நிழலாகப் பார்க்கிறோம். நான் எத்தனையோ கத்தி செய்தாயிற்று, இன்றும் அந்த நிழல் ஓடும்போது கை தானாக நின்றுவிடும்.

சூடு அலகு முழுவதும் ஒரே சாயலில் வந்ததும் தயங்காமல் எண்ணெயில் இறக்குங்கள். மேலும் கீழுமாக அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். பத்துப் பன்னிரண்டு வினாடி கழித்து எடுத்துப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் தடித்த கையுறையோடு அந்தச் சில நொடிக்குள் நிமிர்த்திவிடலாம். முழுவதும் ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் உடையும்.

இப்போது அரத்தை வாயில் வைத்து ராவிப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்க வேண்டும். மேலே கார்பன் எரிந்துபோன மெல்லிய தோல் ஒன்று இருக்கும், அது மட்டும் கொஞ்சம் கடிபடும். அதற்குக் கீழேயும் கடித்தால் சூடு போதவில்லை அல்லது எண்ணெயில் இறக்கத் தாமதமாகிவிட்டது. மறுபடி காய்ச்சி முக்கலாம், கவலை இல்லை.

துவைச்சல் போட்ட கத்தியைக் கீழே போட்டுவிடாதீர்கள், இரண்டாகிவிடும். அதே நாளில், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், டெம்பர் செய்தாக வேண்டும். எண்ணெயைத் துடைத்து, கறுப்பைத் தேய்த்து எடுத்து, சமையலறை ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். சிக்கிய கார்பனில் கொஞ்சம் இளகி, இறுக்கம் தளரும். கடினம் சற்று இறங்கி, உடையாத உறுதி வரும். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள், 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். தேய்த்த எஃகு வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் 200-ஐ ஒட்டியது, ஊதா என்றால் 270-ஐத் தொட்டுவிட்டது, கத்திக்கு அது அதிகம்.

கைப்பிடிக்கு முன் ஒரு சோதனை

பலர் இங்கே கைப்பிடியை ஒட்டிவிடுகிறார்கள். பொறுங்கள். பிடியில் கயிறைச் சுற்றிக்கொண்டு, வாயைத் தீட்டி, முதலில் சோதியுங்கள். ஒட்டிய பிறகு ஓவனில் வைக்க முடியாது.

இனி உப்புத்தாளோ அரைக்கும் சக்கரமோ பயன்படுத்தினால் அலகு கை பொறுக்கும் சூட்டிலேயே இருக்க வேண்டும், அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் டெம்பர் போய்விட்டது. தீட்டும்போது ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி கோணம் போதும். அலகு 3 சென்டிமீட்டர் அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் தூக்கிப் பிடியுங்கள், கணக்கு சரியாக வரும். 400 எண் கல்லில் மறுபக்கம் நெடுகப் பிசிறு எழும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், அப்புறம் 1000 எண் கல், கடைசியில் தோல் பட்டையில் வாயைப் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும்.

காய்ந்த கட்டையைச் சீவுங்கள், ஒரு முடிச்சிலும் இறக்குங்கள். வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். சில்லு உதிர்ந்திருந்தால் எஃகு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. 215 அல்லது 220 டிகிரியில் இன்னொரு முறை டெம்பர் செய்யுங்கள். வாய் மடங்கியிருந்தால் எஃகு மென்மையாகிவிட்டது, முதலிலிருந்து துவைச்சல் போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கத்தி தயார்.

கைப்பிடிக்கு நன்றாகக் காய்ந்த வன்மரத்தில் இரண்டு பலகைகள், துளைகளில் செருக இரண்டு பித்தளை ஊசிகள், இரு பகுதி எபாக்ஸி பசை. பலகைகளின் முன்பக்க முனைகளை ஒட்டுவதற்கு முன்பே வழவழப்பாக்கிவிடுங்கள், பிறகு அங்கே கை போகாது. எஃகையும் மரத்தையும் சொரசொரப்பாக்கி, துடைத்து, ஒட்டுங்கள். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்து, ஒட்ட எதுவும் மிஞ்சாது. முன்பக்கம் வழியும் பசையை அப்போதே துடைத்துவிடுங்கள். மரத்தைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். சில வன்மரங்களின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருண்ட துணி தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள்.

உறை 3 மில்லிமீட்டர் தோலில் தைக்கலாம். வாய் படும் விளிம்பில் நடுவே இன்னொரு தோல் கீற்று வைத்துத் தைத்தால் கத்தி நூலை அறுக்காது. கத்தியை வெளியே எடுத்துச் செல்வது பற்றிய சட்டம் ஊருக்கு ஊர் மாறும், நீளத்துக்கும் வரம்பு இருக்கலாம், அதைத் தைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வீட்டில் வைக்கும்போது உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துத் துருவைக் கொண்டுவரும். துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி, வெளியே வையுங்கள். சில வாரத்தில் அலகின்மேல் சாம்பலும் நீலமுமாகத் திட்டுகள் படரும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை, செந்துருவை ஓரளவு தடுக்கும் படலம் அது. ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது தெரிந்தால் மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள்.